பட்டாளத்து மாட்டல்

காவாந்தண்டலத்திலிருந்து கல்யாணமாகித் திருப்புலிவனத்துக்கு வந்தபோது பாக்கியமேரியிடம் இருந்த நகையெல்லாம் அவள் காதில்தான் இருந்தது. கீழ்க்காதில் சிவப்புக் கல் வைத்த கம்மல், மேல்காதில் சின்னதாக ஒரு கொப்பு. நடவுக்குப் போனாலும், களத்தில் நெல் தூற்றினாலும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனாலும் அவை காதை விட்டு இறங்கியதில்லை. தூங்கும்போதும் கழற்ற மாட்டாள். கழற்றினால் காது காதாகவே இல்லை என்பாள்.

அவள் புருஷன் சாமுவேல் உத்திரமேரூர் அரிசி மில்லில் என்ஜின் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான். பகலெல்லாம் அந்த என்ஜினோடு கத்திப் பேசிப் பழகியவன், வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் சோறு கேட்பான். பாக்கியமேரிக்கு நடவும் களையும் உள்ள நாட்களில் வயல். வயல் வேலை ஓய்ந்தால் அதே மில்லின் களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைக்கிற வேலை. பிள்ளைகள் இல்லை. அது குறையாக இருந்த வருஷங்கள் உண்டு. பிறகு இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதிலேயே பொழுது போய்விட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்குச் சாமுவேலின் தம்பி ஏசுதாஸ் வந்தான். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. வழக்கமாக அண்ணிக்கு ஒரு சீட்டிப் புடவையும் அண்ணனுக்கு ஒரு கட்டு சுருட்டும் கொண்டுவருவான். அந்தத் தடவை ஒரு மரப்பெட்டியையும், கறுப்பாகக் கையில் கனக்கிற ஒரு சாமானையும் கொண்டுவந்தான். பெட்டி தீப்பெட்டி பார்சல் அளவுதான் இருக்கும். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய ஒரு குழலும், துளியூண்டு கல்லும், அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிற ஓர் ஊசியும் இருந்தன.

“கிரிஸ்டல் ரேடியோ அண்ணி. இதுக்குக் கரண்டும் வேணாம், பேட்டரியும் வேணாம். அந்தரத்துல வர்றத அப்டியே புடிச்சிக் குடுக்கும்.”

“இதுக்கு வாய் எங்க கீது?”

“வாய் கெடையாது. இத காதுல மாட்டிக்கினாதான் பேசும்” என்று அந்தக் கறுப்புச் சாமானை எடுத்துக் காட்டினான். வளைந்த இரும்புப் பட்டை, அதன் இரண்டு முனையிலும் புளியோதரைக் கிண்ணம் மாதிரி இரண்டு மூடி. மூர் மார்க்கெட்டில், யுத்தம் முடிந்து கழித்துக் கட்டின பட்டாளத்துச் சாமான்களைக் கொட்டி விற்கிற இடத்தில், இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கியது. ஹெட்போன் என்றான். பாக்கியமேரிக்குச் சிரிப்பு வந்தது. கம்மலிலிருந்து கூந்தல்வரை இழுத்து மாட்டுகிற சங்கிலிக்கு மாட்டல் என்றுதான் பெயர். வசதியான வீட்டுப் பெண்கள் போடுவார்கள். தனக்கு என்றைக்கும் வாய்க்காத அந்த நகை இப்படி இரும்பில் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்து, “பட்டாளத்து மாட்டலு” என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

ஏசுதாஸ் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே உயரத்தில் கம்பி இழுத்துக் கட்டி, இன்னொரு கம்பியைத் தண்ணீர்த்தொட்டி ஓரத்து ஈரமண்ணில் புதைத்தான். ஊசியை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தவன் திடீரென்று கையைத் தூக்கினான். சாமுவேல் பிடுங்கி மாட்டிக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டான்.

“இன்னாய்யா சொல்றான்?”

“எவனோ கொசுக்குப் பாட்டுக் கத்துக் குடுக்கறான்” என்றான் சாமுவேல். கழற்றியபோது அவனுடைய இரண்டு காதும் தக்காளி மாதிரி சிவந்திருந்தன.

பாக்கியமேரி மாட்டிக்கொண்டாள். முதலில் தெரிந்தது வலிதான். இரும்புப் பட்டை உச்சிமுடியைக் கவ்வியது. மூடி மேல்காதுக் கொப்பை அழுத்தியது. கம்மலின் திருகு காதுக்குப் பின்னால் குத்திற்று. அந்த வலிக்கு நடுவில், எங்கேயோ ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல, ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் மெட்ராஸில் உட்கார்ந்து பேசுகிறவளின் குரல் தன் காதில் விழுகிறது என்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. வலது காதில்தான் அதுவும். இடது பக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை.

“கம்மலக் கயட்டிட்டுக் கேளும்மே” என்றான் சாமுவேல்.

“நான் எதுக்குக் கயட்டணும்? என் காதுக்குத் தோதா அது மாறட்டும்.”

ஏசுதாஸ் ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் அதைக் கையில் எடுத்தாள்.

முதலில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். வலிக்கிறதே என்று உள்ளங்கையை வைத்து மூடியை லேசாக அமுக்கித் திருப்பியபோது, அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று பக்கத்தில் வந்தது. கையை எடுத்தால் மறுபடி ஏரிக்கு அப்பால் போய்விட்டது. காதுக்கும் மூடிக்கும் நடுவே இடுக்கு இருக்கிறது, சத்தம் அதன் வழியாக ஓடிப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஓட்டைச் சட்டியில் தண்ணீர் நிற்குமா? ஆனால் இடுக்கை அடைக்க அமுக்கினால் காது வலிக்கிறது. வலிக்காமல் அடைக்க வேண்டும். அதுதான் பேஜாராக இருந்தது.

வேட்டித் துண்டை மடித்து மூடிமேல் வைத்துக் கட்டிப் பார்த்தாள். வலி போயிற்று, சத்தமும் போயிற்று. பஞ்சை அடைத்துப் பார்த்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் அதைத் தொடாமல் மூலையில் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் வைக்கோல் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்து வந்து வாசலில் போட்டவள், தலைக்கும் பாரத்துக்கும் நடுவில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்து உதறப்போனாள். துணியை முறுக்கி வளையமாகச் சுற்றி வைக்கிற சும்மாடு. பாரத்தை வளையம் வாங்கிக்கொள்ளும். நடுவில் உச்சந்தலையில் ஒன்றும் படாது. அவள் அதைப் பிரிக்காமல் அப்படியே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காதுக்கு ஒரு சும்மாடு” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

மூடியின் சுற்றளவுக்கு நூல் வைத்து அளந்து, மெல்லிய பழைய வேட்டியில் நீளமாக ஒரு குழாய் தைத்தாள். இலவம் பஞ்சைக் கொட்டை நீக்கிப் பிய்த்து அதில் திணித்தாள். பஞ்சோடு வெட்டிவேர் நாலு இழையும் சேர்த்துக்கொண்டாள். பஞ்சை இறுக்கினால் கல்லாகிவிடுகிறது, தளர்த்தினால் அமுங்கிப்போகிறது என்று தைத்துத் தைத்துப் பிரித்தாள். கடைசியில் பக்குவம் வந்தது. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கி மூடிமேல் இழுத்துக் கட்டினாள். நடுவில் கம்மலும் கொப்பும் காதுமடலும் தாராளமாக அடங்குகிற பள்ளம். மாட்டிக்கொண்டாள். எதுவும் குத்தவில்லை. வெளியே கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது என்று நினைத்தாள். நிற்கவில்லை, அவளுக்குத்தான் கேட்கவில்லை. அந்த நிசப்தத்துக்குள் ஓர் ஆண் குரல் தெளிவாக, எழுத்தெழுத்தாக, கத்தரிச் செடிக்குப் பூச்சி மருந்து தெளிக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாமுவேல் மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக அவன் தலையில் மாட்டிவிட்டாள். அவன் முகம் மாறியதைப் பார்த்தாள்.

“இன்னாம்மே, மூச்சு வுடறதுகூடக் கேக்குது!” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். காதை மூடிக்கொண்டு பேசுகிறவனுக்குத் தன் குரல் தெரியவில்லை. பிறகு, “எடது பக்கம் மட்டும் செத்துக் கீது” என்றான்.

அந்த இடது பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான். என்ஜின்காரன் அல்லவா, மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே காந்தமும், அதன்மேல் ஒட்டினாற்போல் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றும் இருந்தன. தகடு துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுத் துருவைத் துடைத்தான். மறுபடி மூடினால் அதே ஊமை.

“தகடு போயி காந்தத்துல ஒட்டிக்குது. ஒட்டிக்கினா எப்டி ஆடும்? ஆடினாதான சத்தம்.”

“கொஞ்சூண்டு தூக்கி வையேன்.”

“எத்தினி தூக்கறது? ரொம்பத் தூக்கினா காந்தம் புடிக்காது.”

பாக்கியமேரி பீடிக்கட்டு சுற்றி வருகிற மெல்லிய காகிதத்தை எடுத்து, தகட்டின் விளிம்பளவுக்கு வளையமாக வெட்டித் தந்தாள். அதை அடியில் வைத்துத் தகட்டைப் போட்டு மூடினான். இடது காது பேசியது. இன்னொரு காகிதம் வைத்துப் பார்த்தார்கள், குரல் மங்கியது. எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை வைக்க மறந்துபோனார்கள்.

கேட்க நன்றாக ஆகிவிட்ட சாமான் பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இரும்புப் பட்டை கறுத்து, பூச்சு உதிர்ந்து கிடந்தது. சாமுவேல் அரிசி லாரியோடு காஞ்சிபுரம் போனபோது, தறிக்காரர் வீட்டில் அறுத்துப் போட்ட பட்டு நூல் துணுக்குகளை ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னாள். அரக்கும் பச்சையுமாக இருந்த அந்த இழைகளை முடிந்து, பட்டையைச் சுற்றிச் சடை பின்னுவது போலப் பின்னினாள். முடியைக் கவ்வுவதும் அதோடு நின்றது. உத்திரமேரூர் கடைத்தெருவில் கூத்துக்காரர்களுக்கு உடுப்பு தைக்கிற தையற்காரரிடம் கேட்டுச் சிவப்பு வெல்வெட் துண்டுகள் வாங்கிச் சும்மாடுகளுக்கு உறை போட்டாள்.

“பொம்பள சாமானாட்டம் கீது. நான் மாட்டிக்க மாட்டேன்” என்றான் சாமுவேல்.

“மாட்டிக்காதே. ரெண்டு காதும் எனக்கே கெடைக்கும்.”

மறுநாள் மாலை அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது சிவப்பு வெல்வெட் காதுகளோடு அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அவள் குடத்தை இறக்கிவிட்டுப் போய், ஒரு பக்க மூடியைப் பட்டையிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு ஒரு காது.

அவளுக்குப் பாட்டைவிட நாடகம்தான் பிடித்தது. கதவு திறக்கும், மாட்டுவண்டி போகும், யாரோ நடந்து வருவார்கள். ஆள் எதுவும் கண்ணுக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கும். ஒரு நாள் நாடகத்தில் அடைமழை பெய்தது. மகளைக் காணாமல் தகப்பன் மழையில் தேடிக்கொண்டு போகிறான். சாமுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கியமேரி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் களுக்கென்று சிரித்தாள்.

“இன்னா சிரிப்பு? பாவம், அந்தாளு மயயில நனையறான்.”

“எங்க மய? மொறத்துல நெல்லுப் போட்டு சுத்தறாங்கய்யா.”

“போம்மே.”

“அரிசி இல்ல, நெல்லு. அரிசின்னா சத்தம் சன்னமா வரும். நல்லாக் காஞ்ச நெல்லு, மூங்கி மொறம். நடுவுல ஒரு தபா கை மாத்திக்கினாங்க, அதுகூடக் கேட்டுது.”

சாமுவேல் நம்பவில்லை. அவள் எழுந்து போய் முறத்தில் நெல் போட்டு அவன் காதுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சுழற்றினாள். அவன் கொஞ்சநேரம் கேட்டான். “தே, நாடகத்தக் கெடுத்துட்டியே” என்றான். அதன் பிறகு நாடகத்தில் எப்போது மழை பெய்தாலும் அவன் அவளைத்தான் பார்ப்பான்; அவள் தலையாட்டினால் நெல், ஆட்டாவிட்டால் நிஜம் என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது டீக்கடை சின்னராசு. பனைமரத்துக் கம்பியைப் பார்த்துவிட்டு, “ரேடியோவுக்கு லைசென்சு வாங்கினியா? வாங்காம கேட்டா வந்து புடிச்சிக்கினு பூடுவான்” என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டான். சாமுவேல் அன்று சாயங்காலமே பெட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தான்.

“ஒளிச்சி வெச்சா எப்டிக் கேக்கறது?” என்றாள் பாக்கியமேரி. “லைசென்சு எங்க குடுக்கறான்?”

“தபால் ஆபீசுல.”

“அப்ப நான் போயி வாங்கினு வரேன். அதுக்கு இன்னாத்துக்கு நடுங்கற?”

மறுநாள், ரேடியோ எது என்று கேட்டால் காட்ட வேண்டுமே என்று, பெட்டியையும் மாட்டலையும் ஒரு கூடையில் வைத்து மேலே துணி போர்த்தி, உத்திரமேரூருக்கு நடந்தாள். தபால் ஆபீசில் விவரம் சொன்னாள். அங்கே இருந்தவர் காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சிறிய அறையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். டெலிபோன் போர்டு பார்க்கிற வேதகிரி. ஊரிலிருந்து யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவர்தான் கம்பியைச் செருக வேண்டும். நாளெல்லாம் ஹெட்போன் மாட்டி மாட்டி அவர் காது மடல்கள் தடித்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. கூடையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு வெல்வெட் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“இன்னாம்மா அது?”

“எங்க வூட்டு மாட்டலுங்கய்யா.”

அவர் குனிந்து அதைக் கூடையிலிருந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று தன் தலையில் மாட்டிக்கொண்டார். ஆபீசில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியமேரி எந்தத் தெருவிலிருந்து வருகிறவள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் காதில் இருந்த சாமானை வேதகிரி மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஒருவர் தொண்டையைச் செருமினார். வேதகிரிக்கு அது கேட்கவில்லை. அந்தச் சும்மாட்டுக்குள் எந்தச் சத்தமும் போகாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வெகுநாள் கழித்துத் தலையணையில் தலை வைத்தவர் மாதிரி நின்றார்.

கழற்றிவிட்டு முகர்ந்து பார்த்தார். “வெட்டிவேரா?”

“ஆமாங்கய்யா. வேர்வ நாத்தம் அண்டாது.”

“எனக்கு ஒரு ஜோடி தைச்சுக் குடும்மா. என்ன வேணும்னு சொல்லு, தரேன்.”

பாக்கியமேரி உள்ளே போய் அவருடைய ஹெட்போனின் மூடியை நூலால் அளந்துகொண்டாள். லைசென்ஸ் காகிதத்தை இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம், வெயிலுக்கு உறுத்தாத காடா உறை போட்டு இரண்டு சும்மாடுகள் தைத்து எடுத்துப் போனாள். வேதகிரி கட்டிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

“சொல்லு, என்ன தரட்டும்?”

அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். “அந்தக் கம்பியில இன்னா கேக்குதுன்னு நான் ஒரு தபா கேக்கணுங்கய்யா.”

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவள் உட்காரவில்லை, நின்றபடியே மாட்டிக்கொண்டாள். அவர் காஞ்சிபுரத்துக்கான கம்பியைச் செருகினார். முதலில் ஈசல் பறக்கிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு காதுக்குள்ளேயே, “காஞ்சிபுரம், சொல்லுங்க” என்றது ஒரு குரல்.

ரேடியோவில் பேசுகிறவர்கள் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இவர் கேட்கிறார்.

“ஐயா, நான் பாக்கியமேரி பேசறேன். திருப்புலிவனம்.”

“எந்த நம்பர் வேணும்?”

“நம்பரெல்லாம் வேணாங்கய்யா. சொம்மாதான்.”

“சும்மாவா?”

“ஆமாங்க. நல்லா கீறீங்களா?”

காஞ்சிபுரத்துக்காரர் திகைத்துப்போய், “நல்லா இருக்கேம்மா” என்றார். வேதகிரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவர் ஹெட்போனையும் மைக்கையும் வாங்கி, யார் இந்த அம்மா, எதற்காகப் பேசினாள் என்று அந்தப் பக்கத்துக்கு விளக்கினார். தன் காதுச் சமாசாரத்தையும் சொன்னார். காஞ்சிபுரத்துக்காரருக்கும் காது புண்தானாம். தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

பாக்கியமேரி வீட்டுக்கு வந்ததும் சாமுவேலிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். காஞ்சிபுரத்துக்காரரின் திகைப்பை மட்டும் நாலைந்து தடவை காட்டச் சொல்லிக் கேட்டான்.

அதற்குப் பிறகு வயல் வேலை இல்லாத நாட்களில் அவள் வீட்டில் இலவம் பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. காஞ்சிபுரம் போர்டுக்குத் தைத்தாள், அவர்கள் சொல்லி வேறு ஊர்களிலிருந்தும் கேட்டு வந்தார்கள். கேட்டவர்களின் மூடி அளவை நூலில் முடிச்சுப் போட்டு, மில் லாரியில் வேதகிரி கொடுத்தனுப்புவார். நெற்களத்தில் வெயிலில் நிற்பதை அவள் படிப்படியாகக் குறைத்துக்கொண்டாள். தைத்து வந்த காசில் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். சாமுவேல் சுருட்டை விடவில்லை, ஆனால் நல்ல சுருட்டாகப் பிடிக்க ஆரம்பித்தான்.

அறுபதுகளின் நடுவில் ஏசுதாஸ் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி வந்தான். திருகினால் தெருவே கேட்கும். சாயங்காலமானால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பாக்கியமேரிக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது; கூட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் நாடகம் என்றால் ஒருவர் இருமுவார், ஒருவர் “அப்பறம் இன்னா ஆச்சி?” என்று கேட்பார், குழந்தை அழும். அந்த நாட்களில் அவளும் சாமுவேலும் டிரான்சிஸ்டரைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, பழைய மரப்பெட்டியோடு வீட்டுக்குள்ளே போய்விடுவார்கள். சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சும்மாட்டைக் காதில் அணைத்துக்கொள்வார்கள். இரண்டு மூடிகளையும் சேர்க்கிற கம்பி கொஞ்சம் குட்டை. நீளமாகப் போட்டுத் தருகிறேன் என்று ஏசுதாஸ் எத்தனையோ தடவை சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள்.